கடற்கரையில் ஒரு சிற்பம்: எத்தனை காலத்துக்கு?

கடலைப் பார்த்த ஓர் இடம் இருக்கிறது. நகராட்சியோ துறைமுக நிர்வாகமோ ஓர் அறக்கட்டளையோ அங்கே சிற்பம் வைப்பது என்று தீர்மானித்து, பணமும் ஒதுக்கிவிட்டது. அடுத்த கூட்டத்தில் வழக்கமாக எழும் கேள்வி, "எந்தச் சிற்பியைக் கேட்கலாம்?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் படைப்பு எவ்வளவு காலம் அங்கே நிற்க வேண்டும்? ஐம்பது ஆண்டா, மூன்று வாரமா, அடுத்த ஓதம், அதாவது கடலின் நீரேற்றம், வரும்வரையா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் எந்த உலோகம், எந்தக் கலைஞர், யாரிடம் அனுமதி, யார் பராமரிப்பது என்பதெல்லாம் பாதி தீர்ந்துவிடும். விடை தெரியாமல் சிற்பியைத் தேடிப் போனால், ஊர்ச் சதுக்கத்தில் நிற்க வேண்டிய ஒன்றைக் கொண்டுவந்து அலைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, பத்தாம் ஆண்டில் துருவைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வழிகளைப் பெரும்படியாக நான்காகப் பிரிக்கலாம். ஒரு பெரிய படைப்பை நிரந்தரமாக நிறுவுவது ஒன்று. ஆண்டுதோறும் சில வாரங்களுக்குக் கண்காட்சி நடத்துவது இன்னொன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த இடத்துக்கென்றே புதிய படைப்புகளைச் செய்யச் சொல்லி, நிலைக்கத் தக்கவற்றை மட்டும் வைத்துக்கொள்வது மூன்றாவது. கடலின் கையிலேயே கொடுத்துவிடுவது நான்காவது. என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் மற்ற மூன்றும் சரியான விடையாகிற இடங்கள் உண்டு. அவற்றில் ஒன்று வியக்கத்தக்க அளவு மலிவும்கூட.

உப்பு முதலில்

எந்த வழியைத் தேர்ந்தாலும் உப்பு கூடவே வரும். அலை உடையும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகள் பொருள்கள்மேல் படிந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. பல உலோகங்கள் தமக்குத் தாமே போர்த்திக்கொள்ளும் மெல்லிய காப்புப் படலத்தை அந்த ஈரத்திலுள்ள குளோரைடு துளைத்துவிடும். உள்நாட்டுப் பூங்காவில் பெற்ற அனுபவம் இங்கே செல்லுபடியாகாது.

கார்ட்டன் ஸ்டீலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செம்பழுப்பு நிறத்துக்காகவே சிற்பிகள் அதை விரும்புகிறார்கள். மேலே படியும் துரு ஒரு கட்டத்தில் இறுகி, உள்ளே இருக்கும் எஃகுக்குக் கவசமாகிவிடும் என்பது அதன் கணக்கு. நனைவதும் காய்வதும் ஒழுங்காக நடக்கும் இடத்தில் கணக்கு சரியாக வரும். உப்புக்காற்று ஓயாத இடத்தில் துரு இறுகுவதே இல்லை, அடுக்கடுக்காக உரிந்து விழுந்துகொண்டே இருக்கும். அப்படியானால் ஸ்பெயினின் சான் செபாஸ்தியனில் சிற்பி எடுவார்தோ சில்லிடாவின் 'காற்றின் சீப்பு' அலை மோதும் பாறையிலேயே 1976 முதல் எப்படி நிற்கிறது? அதன் மூன்று துண்டுகளும் தலா சுமார் 10 டன் எடையுள்ள திண்ணிய எஃகு. அரிப்புக்குத் தின்னக் கொடுக்க அவற்றிடம் நிறைய இருக்கிறது. மெல்லிய தகட்டை வளைத்துப் பற்றவைத்த சிற்பத்திடம் அந்தக் கையிருப்பு கிடையாது. சில்லிடாவின் புகைப்படத்தைக் காட்டி கார்ட்டன் தகடு விற்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்பதைத்தான்.

ஒப்பந்தத்தில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று எழுதினாலும் போதாது. பரவலாகக் கிடைக்கும் 304 ரகத்தில் கடலோரத்தில் பழுப்புத் திட்டுகள் விழும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 ரகத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அலைத்துளி நேரடியாகத் தெறிக்கும் இடமானால் அதற்கும் மேலான டூப்ளெக்ஸ் ரகங்கள் இருக்கின்றன. மேற்பரப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு குறைவாக உப்பு தங்கும். மழை படாத அடிப்பக்கங்களும் மடிப்புகளும்தான் முதலில் கறைபிடிக்கும், ஏனென்றால் உப்பைக் கழுவிவிடுவது மழைதான். ஆகவே வடிவ விஷயமாகத் தோன்றும் ஒரு வளைவு உண்மையில் பராமரிப்பு விஷயமாக இருக்கக்கூடும். வரைபடத்தைப் பார்க்கும்போது அழகைப் பேசுகிற குழுவில், 'இந்த இடத்தில் மழை விழுமா?' என்று கேட்க ஒருவராவது இருப்பது நல்லது.

வெண்கலம் பழைய நம்பகமான கை. அவ்வப்போது நன்னீரில் கழுவி மெழுகு பூசி வந்தால் பல தலைமுறை காணும். தொல்லை பெரும்பாலும் உள்ளே ஒளிந்திருக்கும். வெண்கல ஓட்டைத் தாங்குவதற்குச் சாதாரண எஃகுச் சட்டம் வைத்திருந்தால், இரண்டு உலோகங்களும் உப்பு ஈரமும் சேர்ந்து அங்கே ஒரு மின்கலமே உருவாகிவிடும். எஃகுதான் முதலில் கரையும். கான்கிரீட்டிலும் இதே போலத்தான். வெளியே வெள்ளையாக இருக்கும்போதே உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, மேல்பூச்சைப் பிளந்துகொண்டு வரும். கம்பிக்கு மேல் கான்கிரீட் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதும், கம்பி எந்த ரகம் என்பதும் சிற்பத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

கல்லைக் கடல் விட்டுவைக்கும் என்று நம்புகிறவர்கள் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் புறச்சுவரைப் பார்க்கலாம். 8ஆம் நூற்றாண்டில் கருங்கல்லால் கட்டியது. அந்தக் கருங்கல்லிலேயே உருவங்கள் உப்புக்காற்றாலும் மணலாலும் தேய்ந்து முகம் மழுங்கியிருக்கின்றன. கல்லின் நுண்துளைக்குள் புகுந்த உப்புநீர் உலரும்போது உப்பு படிகமாகி, உள்ளிருந்தே கல்லை உதிர வைக்கிறது. மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் இதைவிட வெகு சீக்கிரம் தோற்றுப்போகும். ஆனாலும் 1,200 ஆண்டுகளுக்கு மேல் நின்ற பிறகு மழுங்கிய முகம் என்பது ஒன்றும் மோசமான வியாபாரம் இல்லை.

நிரந்தரமாக ஒன்று

நிரந்தரச் சிற்பத்தின் வலிமை, அது ஊரின் அடையாளமாகிவிடும் என்பது. டென்மார்க்கின் எஸ்பியர் துறைமுகத்தில் ஸ்வென் வீக் ஹான்சன் 1995இல் நிறுவிய 'கடலோரத்து மனிதர்' நல்ல சான்று. 9 மீட்டர் உயரத்தில் நான்கு வெள்ளை உருவங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கடலைப் பார்க்கின்றன. வந்து போகும் கப்பல்களிலிருந்தும் அவை தெரிய வேண்டும் என்பதை வைத்துப் பார்த்தால்தான் அந்த அளவு புரியும். கடலோரத்தில் அளவு என்பது எப்போதும் சிக்கல். பட்டறையில் பிரம்மாண்டமாகத் தெரிந்தது அடிவானத்துக்கு முன்னால் சிறுத்துப்போகும். அதற்காக எல்லாவற்றையும் பெரிதாக்கவும் வேண்டியதில்லை. கோபன்ஹேகனின் 'சின்னக் கடற்கன்னி' 1913இலிருந்து ஒரு பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாள். உயரம் 1.25 மீட்டர்தான். அவள் நீருக்கு மிக அருகில், கை தொடும் தூரத்தில் இருப்பதால் அளவு உறுத்துவதில்லை. கை தொடும் தூரம் என்பதற்கும் ஒரு விலை உண்டு. 1964இலும் 1998இலும் அவள் தலையை அறுத்துப் போனார்கள், 1984இல் கையை. உப்பு செய்யாததை மனிதர்கள் செய்தார்கள்.

நிரந்தரத்தின் பலவீனம், பிடிக்காதவர்களும் அதோடு வாழ வேண்டும் என்பது. இங்கிலாந்தின் ஆல்ட்பரோ கூழாங்கல் கரையில் மேகி ஹாம்பிளிங் 2003இல் வைத்த 'ஸ்கேலப்' இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவாகச் செய்தது. 4 மீட்டர் உயர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிப்பி அது. குழந்தைகள் ஏறி விளையாடுகிறார்கள், காதலர்கள் சாய்ந்து உட்காருகிறார்கள். அதே ஊரில் சிலர், வெறும் கரையாக இருந்த இடத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று அதை அகற்றக் கோரினார்கள். பலமுறை அதன்மேல் பெயின்ட் ஊற்றியிருக்கிறார்கள். சிற்பம் நல்லதா என்பது அங்கே சண்டை இல்லை. 'வெறுமையாக இருந்ததே இந்த இடத்தின் அழகு' என்பவருக்கு எந்தச் சிற்பமும் அதிகப்படிதான். இந்தக் குரல் எல்லாக் கடற்கரையிலும் எழும். அதில் நியாயமும் இருக்கிறது. கடற்கரையில் எதுவும் வைக்காமல் விடுவதும் ஒரு தேர்வு என்பதைக் குழு ஒரு கூட்டத்திலாவது உண்மையாகவே பரிசீலிக்க வேண்டும் என்பேன்.

நிரந்தரத்துக்கும் தற்காலிகத்துக்கும் நடுவே ஓர் ஏற்பாடு உண்டு: கடன். இங்கிலாந்தின் இல்ஃபிரகூம் துறைமுகச் சுவர்முனையில் நிற்கும் டேமியன் ஹர்ஸ்டின் 'வெரிட்டி' 20.25 மீட்டர் உயரம். 2012இல் அதை ஊருக்கு 20 ஆண்டுக் கடனாகக் கொடுத்திருக்கிறார். வாங்கப் பணமில்லாத சிற்றூருக்கு இது கவர்ச்சியான வழி. ஆனால் இருபதாம் ஆண்டில் ஊர் அதைத் தன்னுடையதாக நினைத்துவிட்ட பிறகு என்ன ஆகும் என்பதை முதல் நாளே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிரந்தர வகையில் எனக்கு மிகவும் பிடித்தவை, சிற்பம் என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாதவை. குரோஷியாவின் ஸாதர் நகரில் கட்டடக் கலைஞர் நிக்கோலா பாஷிச் 2005இல் முடித்த 'கடல் ஆர்கன்' நீருக்குள் இறங்கும் வெள்ளைக் கற்படிகள்தான். 70 மீட்டர் நீளப் படிகளுக்கு அடியில் 35 குழாய்கள். அலை உள்ளே வந்து காற்றைத் தள்ளும்போது படிகள் ஒலிக்கின்றன. ஊர்க்காரர் அதில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொள்கிறார். கலையைப் பார்க்க வந்தவரும் அதே படியில்தான் உட்காருகிறார். அங்கே சிற்பத்தைக் கெடுக்கவோ மறைக்கவோ எதுவும் இல்லை, கடல் நிற்காத வரை இசையும் நிற்காது. சான் பிரான்சிஸ்கோவில் பீட்டர் ரிச்சர்ட்ஸும் ஜார்ஜ் கொன்சாலஸும் 1986இல் செய்த 'வேவ் ஆர்கன்' இதற்கு முன்னோடி. பி.வி.சி. குழாயும் கான்கிரீட்டும் இடித்த கல்லறைக் கற்களும்தான் மூலப்பொருள். நீர் ஏறியிருக்கும் நேரத்தில்தான் அது நன்றாகக் கேட்கும். சில்லிடாவும் கட்டடக் கலைஞர் லூயிஸ் பெஞ்யா கஞ்செகியும் சேர்ந்து 'காற்றின் சீப்பு' தளத்தில் தரையில் துளைகள் விட்டிருக்கிறார்கள். பெரிய அலை வரும் நாளில் அவை வழியே காற்றும் நீரும் சீறி எழும். மூன்று இடங்களிலும் கடல்தான் வேலை செய்கிறது, கலைஞர் அதற்கு ஒரு வாய் கொடுத்திருக்கிறார்.

கரையில் ஏற்கெனவே பொறியியல் வேலை நடக்கப்போகிறது என்றால் இந்த வகைக்கு நேரம் கனிந்துவிட்டது. இங்கிலாந்தின் நியூபிகின் ஊரில் கடல் கரையைத் தின்றுகொண்டிருந்தது. 2007இல் 5 லட்சம் டன் மணலைக் கொண்டுவந்து கொட்டி, நீருக்குள் ஓர் அலைதடுப்பையும் கட்டினார்கள். அந்த அலைதடுப்பின் மேலேயே ஷான் ஹென்றியின் 'கப்பிள்' என்ற ஆண்-பெண் சிலை நிற்கிறது. அடித்தளத்துக்கான பாறையும் கனரக இயந்திரங்களும் ஏற்கெனவே அங்கே வந்திருந்தன. சிற்பத்துக்கென்று தனியாகக் கடலில் அடித்தளம் போடும் செலவை ஒருமுறை விசாரித்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மூன்று வாரக் கண்காட்சி

சிட்னியின் போண்டையிலிருந்து டமராமா வரை செல்லும் பாறைக்கரை நடைபாதையில் 1997இல் தொடங்கிய 'ஸ்கல்ப்சர் பை த சீ' இந்த வகைக்கு முன்மாதிரி. சுமார் 2 கிலோமீட்டர் தூரத்தில் நூறு சிற்பங்கள், சில வாரங்கள், அனுமதி இலவசம். 2005 முதல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் காட்டஸ்லோவிலும் நடக்கிறது. கூட்டம் அள்ளும். சிற்பம் என்றாலே விலகிப்போகிறவர்கள் நாயோடும் குழந்தையோடும் நடந்துகொண்டே நூறைப் பார்த்துவிடுகிறார்கள். பிடிக்காதது இருபது நாளில் போய்விடும் என்பதால் யாரும் கொடி பிடிப்பதில்லை. புதிய கலைஞருக்கு வாசல் திறக்கிறது. புயல் பருவத்தைத் தவிர்த்துத் தேதி வைக்கலாம்.

குறைகளும் தெளிவானவை. நூறு சிற்பங்களில் பெரும்பாலானவை எங்கோ செய்து, லாரியில் ஏற்றி வந்து இறக்கியவை. கடல் அவற்றுக்குப் பின்திரை, அவ்வளவுதான். அதே சிற்பத்தை ஒரு வங்கிக் கட்டடத்தின் முன்னால் வைத்தாலும் அர்த்தம் மாறாது, உண்மையில் கண்காட்சி முடிந்ததும் பல அங்கேதான் போகின்றன. இந்த மாதிரியில் பணக்கணக்கும் கலைஞரை இறுக்கும். செய்யும் செலவின் பெரும்பகுதியை அவர் போட்டு, விற்றால் மீளலாம் என்று காத்திருப்பார். விற்பனைக்கு ஏற்ற, பளபளக்கும், புகைப்படத்தில் நன்றாக விழும் சிற்பங்கள் ஏன் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன என்று குறைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். இந்த வழியில் போகும் ஊர், போக்குவரத்துக்கும் நிறுவுவதற்கும் ஆகும் செலவையாவது தானே ஏற்றுக்கொள்ள வேண்டும். அது முடியாதென்றால் நூறை முப்பதாகக் குறைக்கலாம்.

தற்காலிகம் என்பது மேலோட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதே சிட்னியில் 1969இல் கிறிஸ்டோவும் ழான்-கிளோடும் லிட்டில் பே பாறைக்கரையைச் சுமார் 2.4 கிலோமீட்டருக்குத் துணியால் போர்த்தி, 56 கிலோமீட்டர் கயிற்றால் கட்டினார்கள். பத்து வாரங்களில் அவிழ்த்துவிட்டார்கள். பாறை பழையபடியே இருக்கிறது. அரை நூற்றாண்டு கழிந்தும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வரவழைத்து, பார்த்து, வைத்துக்கொள்வது

மூன்றாவது வழியை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம், அது ஊருக்கு மனம் மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. பெல்ஜியத்தின் 67 கிலோமீட்டர் கரை முழுவதும் 2003 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை 'பியூஃபோர்ட்' நடக்கிறது. கலைஞர்கள் கரையோர ஊர்களுக்கு வந்து, இடத்தைப் பார்த்து, அங்கே என்ன செய்யலாம் என்று முன்மொழிகிறார்கள். பருவம் முடிந்ததும் சில படைப்புகளை ஊர்கள் விலைக்கு வாங்கி அங்கேயே வைத்துக்கொள்கின்றன. ஆமைமேல் மனிதன் உட்கார்ந்து கடலை நோக்கும் யான் ஃபாப்ரின் சிற்பம் அப்படித்தான் நியூபோர்ட்டில் தங்கிவிட்டது. ஒரு பருவம் முழுக்கப் பார்த்துவிட்டு, மக்கள் அதோடு எப்படிப் பழகுகிறார்கள் என்றும் கவனித்துவிட்டு வாங்குவது எவ்வளவு பெரிய வசதி!

இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் ஊர் 2008இல் தொடங்கிய மூன்றாண்டுக் கலைவிழாவும் இதே வழியில்தான் போகிறது. படைப்புகளின் தொகுப்பு ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது, சிலவற்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2008இல் ட்ரேசி எமின் குழந்தைகளின் கையுறை, காலுறை போன்ற சிறு துணிகளை வெண்கலத்தில் வார்த்து, யாரோ தவறவிட்டதைப் போலத் தெருவோரங்களில் விட்டிருந்தார். 2014இல் ஜெர்மானியக் கலைஞர் மிக்கேல் ஸைல்ஸ்டார்ஃபர் துறைமுகக் கரை மணலில் 10,000 பவுண்டு மதிப்புள்ள 30 தங்கக் கட்டிகளைப் புதைத்துவிட்டு, 'எடுத்தவருக்குச் சொந்தம்' என்றார். நீர் வற்றும் நேரங்களில் ஊரே மண்வெட்டியோடு கரைக்கு வந்துவிட்டது. நீர் ஏறியதும் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. ஓதத்தின் கால அட்டவணையே அந்தப் படைப்பின் சட்டம். தொட்டுப் பார்க்க ஒரு சிற்பம்கூட அங்கே இல்லை, ஆனால் அந்தக் கரையைத் தவிர வேறெங்கும் அது நடந்திருக்க முடியாது.

ஓர் இடத்துக்கென்றே செய்யும் கலையை இடம்சார்ந்த கலை என்பார்கள். அதன் கறாரான பொருளை அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செரா ஒரு வழக்கில் வைத்தார். நியூயார்க்கின் அரசு அலுவலக வளாகத்தில் 1981இல் நிறுவிய அவரது 'டில்டெட் ஆர்க்' எஃகுச் சுவரை வேறிடத்துக்கு மாற்றலாம் என்று பேச்சு வந்தபோது, இடம் மாற்றுவதும் அழிப்பதும் ஒன்றுதான் என்றார் அவர். 1989இல் அதை அறுத்து எடுத்துவிட்டார்கள். கொள்கையாக செராவோடு நிற்கிறேன். ஆனால் கடற்கரையில் அந்தக் கொள்கையைக் கொஞ்சம் தளர்த்த வைக்கும் ஒரு படைப்பு இருக்கிறது. ஆண்டனி கோர்ம்லியின் 'அனதர் பிளேஸ்': தன் உடலிலிருந்து வார்த்த 100 வார்ப்பிரும்பு உருவங்கள், ஒவ்வொன்றும் 650 கிலோ, எல்லாம் அடிவானத்தைப் பார்த்தபடி. லிவர்பூலுக்கு அருகே கிராஸ்பி கரையில் சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு, கடலுக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை நிற்கின்றன. அந்தக் கரைக்கென்றே பிறந்ததுபோலத் தெரியும். உண்மையில் 1997இல் ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபனில் தொடங்கி, நார்வேயின் ஸ்டவாங்கருக்கும் பெல்ஜியத்தின் டி பான்னேவுக்கும் போய்விட்டு, 2005இல்தான் கிராஸ்பிக்கு வந்தது. அங்கிருந்தும் கிளம்ப வேண்டியது. ஊர் விடவில்லை. நீர் ஏறும்போது தூரத்து உருவங்களைப் பார்க்கப் போனவர்கள் சிக்கிக்கொள்ளலாம் என்ற பாதுகாப்புக் கவலையால் முதலில் அனுமதி மறுத்தார்கள். பிறகு பறவைகள் மேயும் பகுதியிலும் சிறு படகுகள் செல்லும் பகுதியிலும் இருந்த சில உருவங்களை எடுக்கச் சொல்லி, 2007இல் நிரந்தர அனுமதி தந்தார்கள். முதல் நாளே நிரந்தரம் என்று கொண்டுவந்திருந்தால் எதிர்ப்பில் கரைந்துபோயிருக்கும் என்பது என் ஊகம். தற்காலிகமாக வந்ததால்தான் ஊருக்குப் பழக நேரம் கிடைத்தது.

ஜப்பானின் செட்டோ உள்நாட்டுக் கடல் தீவுகளில் 2010இல் தொடங்கிய மூன்றாண்டு விழாவைக் குறிப்பிடாமல் போக முடியாது. முதல் ஆண்டே 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். இளைஞர்கள் போய்விட்டு முதியவர்கள் மட்டும் எஞ்சிய தீவுகளுக்கு அது என்ன செய்தது என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். இங்கே ஒன்று மட்டும். நவோஷிமா தீவின் சிறு படகுத்துறை நுனியில் யாயோய் குசாமாவின் மஞ்சள் பூசணி 1994 முதல் இருந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் அதைக் கழற்றி உள்ளே எடுத்து வைப்பார்கள். 2021 ஆகஸ்டில் எடுக்குமுன் காற்று முந்திக்கொண்டது. பூசணி கடலில் விழுந்து உடைந்தது. 2022 அக்டோபரில் அதே இடத்தில் புதியது வந்தது. ஓடு இன்னும் தடிமன், கிரேனில் தூக்குவதற்குக் கொக்கி வசதியும் சேர்த்திருக்கிறார்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் எந்தச் சிற்பத்துக்கும் இதை வடிவமைப்புக் கட்டத்திலேயே கேட்டுவிடலாம்: ஒரு புயல் நாளில் எத்தனை மணி நேரத்தில், எந்த வண்டியால், எத்தனை பேர் சேர்ந்து இதைக் கழற்றுவார்கள்?

இந்த வழியின் சிரமம் நிர்வாகம். நல்ல பொறுப்பாளர் வேண்டும், கலைஞர் வந்து தங்கி இடத்தைப் புரிந்துகொள்ளக் கால அவகாசம் வேண்டும், இரண்டு தேர்தல்களைத் தாண்டியும் நிற்கும் நிதி வேண்டும். ஒரே ஒருமுறை நடத்திவிட்டு நின்றுபோகிற விழாவுக்கு இதெல்லாம் வீண்.

கடலிடம் விட்டுவிடுவது

மலிவான வழி என்று சொன்னது இதன் ஒரு கிளையை. 2013 செப்டம்பர் 21 அன்று பிரான்ஸின் அரோமான்ஷ் கரையில் ஜேமி வார்ட்லியும் ஆண்டி மாஸும் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களோடு சேர்ந்து மணலில் 9,000 மனித உருவங்களை அச்சுத்தகடு வைத்துச் சுரண்டி வரைந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் நார்மண்டித் தரையிறக்கத்தின் முதல் நாளில் உயிரிழந்தவர்களின் நினைவு அது. சில மணி நேரத்தில் நீர் ஏறி அழித்துவிட்டது. தேவைப்பட்டது அச்சுத்தகடுகள், வாரிகள், ஆட்கள். பராமரிப்பும் அரிப்பும் காப்பீடும் பேச்சிலேயே இல்லை. நினைவுச்சின்னம் வேண்டும் என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். ஆண்டுதோறும் அதே நாளில் ஊரே கூடி வரைகிற ஒன்று, ஒருமுறை திறப்புவிழா நடத்திய பீடத்தைவிட நீண்டகாலம் நினைவில் நிற்க வாய்ப்பு அதிகம். ஓதத்தின் ஏற்றத்தாழ்வு குறைந்த, மணல் சரிவான கரைகளில் இது எடுபடாது என்பது மட்டும் தடை. நீர் வற்றி அகலமான ஈரமணல் கிடைக்கும் கரை வேண்டும்.

இன்னொரு கிளை நீருக்கடியில். ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் 2006இல் கரீபியத் தீவான கிரெனடாவின் மோலினியர் விரிகுடாவில் மூழ்க வைத்த உருவங்கள்தான் தொடக்கம். பிறகு மெக்சிகோவின் கான்கூனில் சுமார் 500 உருவங்கள். பவளமும் பாசியும் பற்றிக்கொள்வதற்காக அமில-கார நடுநிலை சிமென்டில் செய்தவை. இயற்கைப் பவளப்பாறைமேல் விழும் முக்குளிப்போர் கூட்டத்தைத் திசைதிருப்புவதும் கான்கூனில் ஒரு நோக்கம். கேட்க அழகான திட்டம்தான். என் தயக்கம் இது: மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு இறங்குபவர்களுக்கும் கண்ணாடிப் படகுக்குக் காசு கொடுப்பவர்களுக்கும் மட்டுமே கிடைக்கிற பொதுக்கலை எவ்வளவு பொது? பவளத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதற்குச் சிற்பம் தேவையில்லை. சுற்றுலாவே பிழைப்பான ஊருக்கு இது பொருந்தலாம், அதுவும் அடியில் வெறும் மணலாக இருக்கும் இடத்தில் மட்டும். டெய்லரே ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 2019இல் ஒரு வழி காட்டியிருக்கிறார். 'ஓஷன் சைரன்' என்ற பெண் உருவம் கரையருகே நீருக்கு மேலேயே நிற்கிறது. தொலைவிலுள்ள டேவிஸ் பவளப்பாறையில் அளக்கும் கடல்நீர் வெப்பத்துக்கேற்ப அவள் மேனியின் விளக்குகள் நிறம் மாறும். நீருக்கடியில் நடப்பது நடைபாதையில் போகிறவர் கண்ணுக்குத் தெரிகிறது. நனையாமலே.

இடைப்பட்ட கிளை, கோர்ம்லி செய்ததுபோல ஓதம் ஏறி இறங்கும் பட்டையில் நிறுத்துவது. கடல்பக்க உருவங்களில் கொட்டலசு என்ற ஒட்டி வாழும் ஓட்டுயிர் மொய்த்துவிட்டது, மேட்டிலிருப்பவை துருவேறிப் பழுப்பாகிவிட்டன. இரண்டுமே படைப்பின் பகுதிதான், யாரும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை. திண்ணிய வார்ப்பிரும்பு மட்டுமே இப்படிப் பெருந்தன்மையாக இருக்கும். மினுக்கிய எஃகை இங்கே வைத்தால் முதல் ஆண்டே அசிங்கமாகிவிடும்.

யாருக்கு எது

கரையில் அலைதடுப்போ கடல்சுவரோ படித்துறையோ கட்டப்போகிறார்கள் என்றால், ஒலிக்கும் படியோ சுவரோடு கலந்த சிற்பமோ செய்ய அதைவிட நல்ல தருணம் வராது. பொறியாளரின் வரைபடம் உறைவதற்குள் கலைஞர் மேசைக்கு வந்துவிட வேண்டும். பணம் கொஞ்சம்தான், ஆட்கள் நிறைய என்றால் மணல். இதற்குமுன் சிற்பத்தோடு பழக்கமே இல்லாத ஊருக்கு, அளவான கண்காட்சி ஒன்றை இரண்டு மூன்று ஆண்டு நடத்திப் பார்ப்பது தவறில்லை, ஆனால் அதிலேயே தங்கிவிடக் கூடாது. பத்தாண்டுத் திட்டமிடும் தெம்பு இருந்தால் வரவழைத்து, பார்த்து, வைத்துக்கொள்ளும் வழி. தனித்த நிரந்தர நினைவுச்சின்னத்தை நான் கடைசியில் வைப்பேன். அதுவும் பராமரிப்புக்கென்று ஒரு தொகையைத் தனிக் கணக்கில் பூட்டிய பிறகே. திறப்புவிழாப் பலகையில் பெயர் போட நிறைய பேர் கிடைப்பார்கள், ஆண்டுதோறும் மெழுகு பூசப் பணம் கேட்டால் ஆள் இருக்காது.

அனுமதி எல்லா வழிக்கும் பொது, ஆனால் எடை வேறு. ஆமை முட்டையிடும் கரையில் இரவு விளக்கு எரியும் சிற்பம் கூடவே கூடாது, குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தை நோக்கி ஊரும். துறைமுக வாயிலருகே வண்ண விளக்கு மாலுமிகளைக் குழப்பும். ஓதப் பட்டையில் நிற்கும் எதுவும் நீர் ஏறியதும் படகுக்குக் கண்ணில் படாத கல்லாகிவிடும், குறியீடு வேண்டும். மீன்பிடிப்பவர்கள் வலை உலர்த்தும், படகு ஏற்றும் இடத்தை 'காலி இடம்' என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினால், மேலே சொன்ன எந்த வழியும் உருப்படாது.

இன்னொன்று, கரை ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. பல கரைகளில் ஒரு பருவம் மணலை ஏற்றும், இன்னொரு பருவம் அள்ளிக்கொண்டு போகும்; ஒரே புயலில் மட்டம் ஆளுயரத்துக்கு இறங்கிவிடலாம். தெளிந்த நாளில் அளந்து போட்ட அடித்தளம் மழைக்காலத்தில் வெளியே வந்து பல் இளிக்கும். ஆகவே தேர்ந்த இடத்தை ஓர் ஆண்டு முழுக்க, பெரிய ஓத நாளிலும் புயலுக்கு மறுநாளும், ஒரே கோணத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மணலிலிருந்து கெட்டியான அடிமண் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் துளையிட்டுப் பாருங்கள். சில இடங்களில் அந்த அளவு ஒன்றே நான்கு வழிகளில் இரண்டை மேசையிலிருந்து எடுத்துவிடும்.